விசுவாசத்தில் நிலைத்திருக்கவும் செழிக்கவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும், வேதபாட வகுப்பிலும், வீடு சந்திக்கப் போகும் இடங்களிலும் விசுவாசிகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையில் இருந்தாலும் இந்தப் போராட்டங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பதில்களும் ஓர் எண்ணத்தைச் சுற்றியே வருகின்றன: நம்மை நிறுத்துவது தேவனுடைய பிடி, நம் பங்கு, அவர் நட்ட இடத்தை விட்டு ஓடாமல் இருப்பது.

ஆவிக்குரிய நிலைத்தன்மை என்றால் கலங்காமல், அழாமல், எப்போதும் ‘ஸ்தோத்திரம்’ சொல்லிக்கொண்டே இருப்பதா?

அப்படியானால் தாவீதையே விசுவாசிகள் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” என்று 42-ஆம் சங்கீதக்காரன் தன்னையே கேட்டுக்கொள்கிறான். 88-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே. மற்ற புலம்பல்கள் கடைசியில் எப்படியாவது துதிக்கு வந்துவிடும், அது வராது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, ஜெபமாக இருக்கிறது.

அந்த மனிதன் தன் கசப்பை யாரிடம் கொண்டுபோகிறான் என்று கவனியுங்கள். “கர்த்தாவே” என்றுதான் வாயைத் திறக்கிறான். கேள்வியும் கோபமும் கண்ணீருமாக அவரிடமே போய் நிற்கிறான். நிலைத்தன்மை என்று வேதம் காட்டுவது இதைத்தான். கலக்கம் வந்தபோது எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதே கேள்வி. முகத்தில் சிரிப்பு இருந்ததா என்பது பெரிய விஷயமே இல்லை.

செழிப்பு என்றால் ஆசீர்வாதம்தானே? வீடு, வேலை, நல்ல சம்பந்தம், வெளிநாட்டு விசா?

இவையெல்லாம் நல்ல ஈவுகள். கிடைத்தால் நன்றி சொல்லலாம், கேட்டு ஜெபிப்பதிலும் தவறில்லை. ஆனால் செழிப்பை அளக்கும் படியாக இவற்றை வைத்துக்கொண்டால், இயேசுவும் பவுலும் அந்த அளவையில் தேற மாட்டார்கள். தலைசாய்க்க இடமில்லாதவர் ஒருவர், காவலில் கட்டப்பட்டிருந்தவர் மற்றவர்.

செழிப்பு உபதேசத்துக்கு அதிகம் பயன்படுத்தப்படும் வசனம் 3 யோவான் 2: “உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்.” இது காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் ஆரம்ப வாழ்த்து. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று நம் பெரியவர்கள் எழுதுவார்களே, அந்த அன்பின் வார்த்தை. அதை எடுத்து, ‘காணிக்கை போட்டால் பத்து மடங்கு வரும்’ என்ற கணக்குக்கு அடியில் வைப்பது பாவப்பட்ட மனுஷர்களை ஏமாற்றும் வேலை. கடன் வாங்கிக் காணிக்கை போட்டுவிட்டு, பணம் வராதபோது ‘என் விசுவாசம்தான் பத்தவில்லை’ என்று தன்னையே நொந்துகொள்பவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை, உங்களுக்குச் சொல்லப்பட்ட உபதேசத்தில் இருக்கிறது.

கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று பவுல் ஒன்பது சொல்கிறார்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இந்த ஒன்பதில் ஒன்றைக்கூடக் கடையில் வாங்க முடியாது. ஒன்றையாவது வறுமை வந்து பிடுங்கிக்கொண்டு போகவும் முடியாது. ஆபகூக் தீர்க்கதரிசி இதை ஆழமாகப் பாடியிருக்கிறார்: அத்திமரம் துளிர்விடாமல் போகட்டும், திராட்சச்செடி காய்க்காமல் போகட்டும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போகட்டும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். பஞ்சம் வராது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

புதுவருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசனம் நிறைவேறவே இல்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வரிசையில் நின்று, தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, வெளியே விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற அந்த நிமிஷம் நம் சபைகளில் எல்லாருக்கும் பழக்கம். அட்டை பிறகு பீரோ கதவிலோ பைபிளுக்குள்ளோ போய் உட்கார்ந்துவிடும். வருஷம் முழுக்க ஒரு வசனத்தைக் கண்ணில் படும்படி வைத்திருப்பது நல்ல பழக்கம்தான். அது சீட்டுக் குலுக்கலில் வந்த அதிர்ஷ்டம் மாதிரி ஆகிவிடும்போது சிக்கல் வருகிறது.

நிறையப் பேருக்கு வரும் வசனம் எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அட்டையில் இதோடு ஒரு பூப்படம் இருக்கும். இது யாருக்கு எழுதப்பட்டது என்று அட்டையில் இடமிருக்காது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி, ‘இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவீர்கள்’ என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! எரேமியா சொன்னது எழுபது வருஷம். அதாவது அந்தக் கடிதத்தை வாசித்துக் கேட்ட பெரியவர்கள் பெரும்பாலும் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களிடம்தான் கர்த்தர் சொன்னார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்த அந்நிய பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள்.

ஆகவே வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை. அது நம் நாட்காட்டிக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். மார்ச் மாதத்தில் வேலை போனாலும், ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் படுத்தாலும், அந்த வசனத்தின் தேவன் உங்களைக் குறித்து நினைக்கிற நினைவுகள் மாறவில்லை. நீங்கள் தப்பு எதுவும் செய்துவிடவில்லை. இந்த வருஷம் அட்டையில் இருக்கும் வசனத்தோடு அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை உட்கார்ந்து வாசியுங்கள். அட்டையில் கிடைத்ததைவிட அதிகம் கிடைக்கும்.

கன்வென்ஷன் கூட்டங்களில் மூன்று நாள் இருந்த அக்கினி, வீடு வந்து ஒரு வாரத்தில் அணைந்துவிடுகிறதே?

உங்களுக்கு மட்டும் அல்ல, எலியாவுக்கும் அப்படித்தான். கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர். அடுத்த அதிகாரத்திலேயே (1 இராஜாக்கள் 19) ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறார். அங்கே தேவன் அவருக்கு என்ன செய்தார் என்று பாருங்கள். ‘உன் விசுவாசம் எங்கே?’ என்று கேட்கவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டி, சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டு மறுபடி படுத்துவிட்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. பேச்சு எல்லாம் அப்புறம்தான், ஓரேப் மலையில்.

மூன்று நாள் இரவு முழுக்க விழித்திருந்து, பஸ்ஸில் திரும்பி, திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனால் உடம்பு சோரத்தான் செய்யும். அந்தச் சோர்வைப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்திலிருந்து வழுவிப்போவது, என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விதைக்கிறவன் உவமையில் பாறை நிலத்தில் விழுந்த விதைதான் சீக்கிரம் முளைக்கிறது. மண் ஆழமில்லாததால் முளைத்தது என்று இயேசு சொல்கிறார். வேகமான முளைப்பு அவருக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை. “நீதிமான் பனையைப்போல் செழித்து” என்கிறது 92-ஆம் சங்கீதம். சங்கீதக்காரன் பார்த்தது பேரீச்சம்பனை. நமக்குத் தெரிந்தது தேரிக்காட்டுப் பனை. பனங்கொட்டையைப் புதைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் அது கீழேதான் போகும். மண்ணுக்குள் கிழங்கு விட்டு, மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் ஒற்றை ஓலை வெளியே வரும். பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். கன்வென்ஷன் தேவைதான். ஆனால் உங்கள் வளர்ச்சி நடப்பது யாரும் பார்க்காத செவ்வாய்க்கிழமைகளில்.

தினமும் வேதம் வாசித்து ஜெபிக்க வேண்டும் என்று ஆசை. நேரமே கிடைப்பதில்லை. அதிகாலை நாலு மணிக்கு எழுந்தே ஆக வேண்டுமா?

நாலு மணி என்று வேதத்தில் எங்கும் சட்டம் இல்லை. தானியேல் மூன்று வேளை ஜெபித்தான். இயேசு சில நாள் அதிகாலையில் எழுந்து போனார், சில இரவு முழுவதும் ஜெபித்தார். இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடிக்கும் ஒரு தாயை நாலு மணிக்கு எழவில்லை என்று குற்றப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் 1529-இல் சாதாரண வீட்டாருக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபம் மிகச் சின்னது. விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், விரும்பினால் ஒரு சிறிய ஜெபம். அதன்பின் ‘சந்தோஷமாக உன் வேலைக்குப் போ’ என்று எழுதியிருக்கிறார். இரவு ஜெபத்தின் முடிவில், உடனே நிம்மதியாகத் தூங்கு என்கிறார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் முதலில் தமிழாக்கியவற்றில் இந்த உபதேசமும் ஒன்று. முந்நூறு வருஷமாகத் தமிழ் வீடுகளில் இருக்கும் வழி இது.

செய்யக்கூடியது இதுதான். ஒரு நேரம், ஒரு இடம், பத்து நிமிஷம். அச்சிட்ட பைபிள் இருந்தால் நல்லது. கைபேசியில் வாசித்தால் நடுவில் வாட்ஸ்அப் இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மாற்கு சுவிசேஷத்தில் நாளுக்குப் பாதி அதிகாரம், அதோடு ஒரு சங்கீதம். வாய்விட்டு வாசியுங்கள், மெதுவாக வாசியுங்கள். பழைய பொது ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் காலை மாலை என்று பிரித்து முப்பது நாளில் முடிக்க ஓர் ஒழுங்கு உண்டு. அது அதிகமாகத் தோன்றினால் நாளுக்கு ஒன்று போதும், ஐந்து மாதத்தில் முடியும். முடிந்ததும் முதல் சங்கீதத்துக்குத் திரும்புங்கள். இரண்டு நாள் விட்டுப்போனால், விட்டதைப் பிடிக்க ஓட வேண்டாம். இன்றைக்கு உள்ளதை வாசியுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் காலை வந்து விழும் வசனப் படங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அனுப்புகிறவர்கள் அன்போடுதான் அனுப்புகிறார்கள். அதை மட்டுமே சாப்பாடாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜெபிக்கும்போது எதுவுமே உணர முடியவில்லை. சுவரோடு பேசுவது மாதிரி இருக்கிறது. தேவன் என்னை விட்டுவிட்டாரா?

இல்லை. அன்னை தெரேசா தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல், அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, புத்தகமாக வெளிவந்தன. ஏறக்குறைய ஐம்பது வருஷம், நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, ஜெபத்தில் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலே அவர் வாழ்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த வருஷங்களில்தான் கொல்கத்தாவின் தெருவோரத்திலிருந்து சாகக்கிடந்தவர்களைத் தூக்கிவந்து கழுவிக் காயம் கட்டினார். காலை ஜெபத்துக்கு வராமல் இருக்கவும் இல்லை.

உணர்வு வரும், போகும். அதைத் துரத்திக்கொண்டு சபை சபையாக மாறிப் போகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். சொந்த வார்த்தை வறண்டுபோகும் நாட்களில் மற்றவர்களின் வார்த்தையைக் கடன் வாங்குங்கள். 13-ஆம் சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், பாமாலையில் உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டு. அதுவும் முடியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். ஆவியானவர் “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. நீங்கள் பேசாத நேரத்திலும் உங்களுக்கான ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ‘விசுவாசி மாத்திரை சாப்பிடலாமா’ என்று சபையில் கேட்கிறார்கள்.

சாப்பிடுங்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். யார் கையை வைத்து ஜெபித்து ‘இனி மாத்திரை வேண்டாம்’ என்றாலும் நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிற அதே சபையார்தான் இதைக் கேட்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு வைத்தியம் இருக்கிறது. ஜெபமும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

‘இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே’ என்ற பாட்டு நம் சபைகளில் தெரியாதவர் இல்லை. அதன் ஆங்கில மூலத்தை எழுதிய வில்லியம் கூப்பர் (1731–1800) வாழ்நாள் முழுவதும் கடுமையான மனச்சோர்வோடு போராடியவர். பலமுறை தற்கொலைக்கு முயன்றவர். 1773-இல் நோய் முற்றி, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த எண்ணம் சாகும்வரை முழுசாக விடவே இல்லை. கிறிஸ்துவின் இரத்தத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பாடிய மனிதர் அவர்!

அவருக்கு ஒரு போதகர் இருந்தார், ஜான் நியூட்டன். ஒரு காலத்தில் அடிமைக் கப்பலில் தலைவராக இருந்தவர். 1773-இல் கூப்பர் நியூட்டனுடைய வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் நியூட்டனும் அவர் மனைவியும் அவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்று அனுப்பிவிடவில்லை. சபை என்றால் இதுதான் என்று மனதார நம்புகிறேன். மனம் உடைந்தவரின் வீட்டுக்குப் போய் நீளமாகப் பிரசங்கம் பண்ணாதீர்கள். யோபுவின் மூன்று நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தருடைய கோபம் வந்ததும் அவர்கள்மேல்தான், புலம்பிய யோபின்மேல் அல்ல.

சாகலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். உடனே வீட்டில் ஒருவரிடமோ நம்பிக்கையான நண்பரிடமோ சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 104, இந்தியாவில் எங்கிருந்தும் 14416 (டெலி மானஸ்) என்ற இலவச எண்களில் பேசலாம்.

எனக்குச் சந்தேகம் வருகிறது. இது பாவமா?

சந்தேகத்தோடு இயேசுவிடம் வந்தவர்களை அவர் துரத்தியதாகச் சுவிசேஷத்தில் இல்லை. பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்றான், பிள்ளை சுகமானான். தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமாவுக்குத் தம் கைகளையே காட்டினார். அந்தத் தோமாதான் நம் நாட்டுக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர் என்பது பரங்கிமலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த மரபு. கேள்வியை மனதுக்குள் அழுக விடாமல், படித்த, பொறுமையுள்ள ஒருவரிடம் போய்க் கேளுங்கள்.

திரும்பத் திரும்ப அதே பாவத்தில் விழுகிறேன். இனி எந்த முகத்தோடு ஜெபிப்பது?

பேதுரு மறுதலிக்கும் முன்பே இயேசு அவனிடம் சொன்னது லூக்கா 22-இல் இருக்கிறது. விழமாட்டாய் என்று சொல்லவில்லை. “உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்” என்றார். கூடவே, “நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து” என்றார். விழப்போகிறான் என்று தெரிந்தே, எழுந்தபின் செய்ய வேண்டிய வேலையையும் கொடுத்துவிட்டார்.

இதைச் சொல்லிவிட்டு, கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். குடியோ, ஆபாசப் படமோ, சூதாட்ட ஆப்போ, இரகசியமாக வைத்திருக்கும்வரை பெரும்பாலும் விடாது. “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு” என்கிறார் யாக்கோபு. ஊர் முழுக்கச் சாட்சி சொல்லச் சொல்லவில்லை. வாயைக் கட்டத் தெரிந்த, உங்களைவிட மூத்த ஒருவரிடம், போதகரோ குருவானவரோ சபைப் பெரியவரோ, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அவர் உங்களைக் கேட்கட்டும். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். குடிக்கு அடிமையாகிவிட்டிருந்தால் மருத்துவ உதவியும் வேண்டும். திடீரென்று நிறுத்துவது சிலருக்கு உயிருக்கே ஆபத்து.

சபையில் சண்டை, தேர்தல் வந்தால் சாதி. இதையெல்லாம் பார்த்து விசுவாசமே ஆட்டம் காண்கிறது.

ஆட்டம் காண்பது நியாயம்தான். பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடியவர்கள் தேர்தல் முடிந்ததும் முகம் பார்ப்பதில்லை. ஒரே அப்பத்தில் பங்கெடுத்தவர்கள் சம்பந்தம் பேசும்போது சாதி கேட்கிறார்கள். செத்த பிறகும் தனிக் கல்லறை வைத்திருக்கிற ஊர்கள் உண்டு. இதை ‘எல்லா இடத்திலும் உள்ளதுதான்’ என்று விட்டுவிட முடியாது.

அந்தியோகியாவில் பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும், புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினான். பவுல் அதைச் சாப்பாட்டு விஷயம் என்று விடவில்லை. எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு முகம் எதிர்த்து, இது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதம் என்றான் (கலாத்தியர் 2). பந்தியைப் பிரிக்கும் சபை எவ்வளவு பாடினாலும், எத்தனை கோபுரம் கட்டினாலும் செழிக்காது. உங்கள் சபையில் அசனம் என்ற பொதுப் பந்தி நடந்தால் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். மாற்றத்தை உங்கள் பந்தியிலிருந்தும் உங்கள் பிள்ளைகளின் கல்யாணத்திலிருந்தும் தொடங்கலாம்.

சண்டைக்காகச் சபையை விட்டு ஓடாதீர்கள் என்றே பொதுவாகச் சொல்வேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஊழியரோ பொறுப்பில் உள்ளவரோ உங்களிடமோ உங்கள் பிள்ளையிடமோ தவறாக நடந்திருந்தால், அது ‘மன்னித்து மறந்துவிட’ வேண்டிய காரியம் அல்ல. போலீசில் புகார் கொடுங்கள். பிள்ளைகளுக்கு 1098 என்ற எண் இருக்கிறது. அந்த இடத்தை விட்டு வெளியேறுவது பின்மாற்றம் ஆகாது.

வீட்டிலிருந்தே யூடியூபில் நல்ல பிரசங்கம் கேட்கிறேன். சபைக்குப் போக வேண்டுமா?

படுக்கையில் இருப்பவர்களுக்கும் தூர தேசத்தில் தனியாக இருப்பவர்களுக்கும் அது பெரிய ஆறுதல். நடக்கக் கால் இருப்பவர்கள் போக வேண்டும். நீங்கள் வராத ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரசங்கியார் உங்களைத் தேடமாட்டார். உங்கள் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற அக்கா தேடுவார். திருவிருந்தும் திரை வழியாகக் கைக்கு வராது.

கணவர் வீட்டில் நான் ஒருத்திதான் விசுவாசி. எப்படி நிலைத்திருப்பது?

தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன், தாய் விசுவாசி. பவுல் 2 தீமோத்தேயு 1:5-இல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். இரண்டு பெண்கள் ஒரு வீட்டுக்குள் காத்த விசுவாசம்தான் ஒரு ஊழியனை உருவாக்கியது. மாமியாரோடு வாதம் பண்ணி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அன்போடு வேலை செய்யுங்கள், நேர்மையாக இருங்கள், கேட்டால் மரியாதையோடு பதில் சொல்லுங்கள். மனசாட்சி இடம் கொடுக்காத சடங்கு என்றால், ‘அத்தை, இது மட்டும் என்னால் முடியாது, மற்ற வேலை எல்லாம் நான் பார்க்கிறேன்’ என்று பணிவாகச் சொல்லலாம். ஞாயிறு போக முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாள் ஒரு சகோதரியைச் சந்தித்து இருவருமாக ஜெபியுங்கள். அடி உதை என்று போனால் அது சிலுவை சுமப்பது ஆகாது, 181-க்கு அழையுங்கள்.

வயதாகிவிட்டது, உடம்பு முடியவில்லை. ஊழியம் ஒன்றும் செய்ய முடியாத நான் எப்படிச் செழிப்பது?

“அவர்கள் முதிர்வயதிலும் கனி தந்து” என்று 92-ஆம் சங்கீதம் உங்களுக்கென்றே சொல்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் (1867–1951) ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடு அமைத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1931-இல் அவர் கீழே விழுந்து பலமாக அடிபட்டார். அதன்பின் சாகும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலும்தான். ஓடியாடிப் பிள்ளைகளைத் தூக்கி வந்தவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! அந்தப் படுக்கையிலிருந்துதான் ஏராளமான கடிதங்களும் பல புத்தகங்களும் வந்தன. அவற்றில் சில நோயாளிகளுக்கென்றே எழுதப்பட்டவை. அவருடைய கல்லறையில் பெரிய நினைவுக்கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் ‘அம்மா’ என்ற ஒரு சொல்.

புத்தகம் எழுத வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. ஒரு பழைய நோட்டில் சபைப் பிள்ளைகளின் பெயரை எழுதி வையுங்கள். நாளுக்கு இரண்டு பேருக்காக ஜெபியுங்கள். அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது, ‘உனக்குப் பரீட்சை எப்படிப் போச்சு, நான் ஜெபிச்சேன்’ என்று கேளுங்கள். வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தப் பெரியவர்களின் வீட்டுக்குப் போங்கள். உங்களுக்கு வேண்டிய பாதி பதில் அங்கே கட்டிலில் இருக்கிறது.

வளைகுடாவில் வேலை செய்கிறேன். முகாமில் தனியாக இருக்கிறேன். என்ன செய்வது?

துபாய், அபுதாபி, குவைத், பஹ்ரைன், மஸ்கட் போன்ற இடங்களில் தமிழ் ஆராதனை நடக்கிறது. பல இடங்களில் வெள்ளிக்கிழமையும் உண்டு. ஊரில் உங்கள் போதகரிடம் கேட்டால் அங்கே யாரைப் பார்ப்பது என்று சொல்வார். சவுதியில் பொது ஆராதனைக்கு இடமில்லை. அங்கே இருப்பவர்கள் அந்நாட்டுச் சட்டத்தை அறிந்து கவனமாக இருங்கள், உங்களால் மற்றவருக்கும் ஆபத்து வரக்கூடாது.

மற்றபடி, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டார் ஆராதனை முடிந்து வரும் நேரத்துக்குப் போன் பண்ணுங்கள். அன்று வாசித்த வேதபாகம் எது என்று பிள்ளைகளிடம் கேட்டு, இரவு படுக்கும் முன் அதையே நீங்களும் வாசியுங்கள். முடிந்தால் போனிலேயே சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் ஆகும்.